அனுப்பியது: பூஜ்யம்

ஜூன் 9

அன்புள்ள அக்கா,

கடிதம் எழுதி எத்தனை வருஷம் ஆகிறது என்று யோசித்துப் பார்த்தேன். ஸ்கூலில் எழுதிய லீவு லெட்டர்தான் கடைசி. அதிலும் அப்பாவின் கையெழுத்தை நீதான் போட்டாய். இப்போது தபாலாபீசுக்குப் போய் ஸ்டாம்ப் என்ன விலை என்று கேட்டால், கவுண்டரில் இருந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். எல்லாம் உன்னால் வந்தது. போன் செய்தால் ஒரே ரிங்கில் கட் ஆகிறது. மெசேஜ் போட்டால் ஒற்றை டிக்கோடு நின்றுவிடுகிறது. நீ என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய் என்று கண்டுபிடிக்க ஒரு நெட்வொர்க் ஆளுக்கு மூன்று வாரம் பிடித்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

எதற்குக் கோபம் என்றாவது சொல். அம்மாவை உன் தலையில் கட்டிவிட்டு மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடிவிட்டேன் என்றா? அதை நாம் பேசி முடிவு செய்து ஆறு மாதம் ஆயிற்று. கிளம்புகிற அன்று காலையில்கூட டிபன் பாக்ஸில் சாப்பாடு கட்டிக் கொடுத்து, "போனதும் போன் பண்ணுடா, மறந்துடாதே" என்று சொன்னவள் நீதான். போன் பண்ணினேன். எடுக்கவில்லை.

நான் கிளம்பிய அன்றே ஊரில் ஆற்று வெள்ளம் என்ற செய்தி எனக்கு ரயிலில் வந்தது. விசில் அண்ணன் போனதை அம்மா சொன்னாள். நம்பவே முடியவில்லை. ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் பம்ப் ஹவுஸிலிருந்து ஆபீஸில் நம் அறைக்குப் போன் செய்து, ஹலோ சொல்லாமல் விசில் அடிப்பாரே, அது இன்னும் காதில் இருக்கிறது. விசாரணை நடக்கிறது என்றும், நீ சாட்சி சொன்னாய் என்றும் கேள்விப்பட்டேன். அந்த வேதனையில் இருக்கிறாய் என்றால் புரிந்துகொள்வேன். அதையாவது இரண்டு வரி எழுது.

உன் தம்பி


ஜூன் 21

அன்புள்ள அக்கா,

கடிதம் வந்துவிட்டதாம், அம்மா சொன்னாள். பிரித்தாயா என்று கேட்டால், "எனக்கென்ன தெரியும், மேஜை டிராயருக்குள்ள போட்டுப் பூட்டிட்டா" என்கிறாள். செவிடன் காதில் ஊதின சங்கு என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்.

இங்கே வேலை பரவாயில்லை. ஸ்விட்ச் அறை தரைக்குக் கீழே இருக்கிறது. ஜன்னல் கிடையாது, மழை பெய்தாலும் தெரியாது. வீட்டில் அவளுக்கு வாந்தி நின்றுவிட்டது. டிசம்பர் கடைசியில் என்று டாக்டர் தேதி கொடுத்திருக்கிறார். நீ அத்தை ஆகப் போகிறாய். இதைப் போனில் சொல்லி, நீ திட்டிக்கொண்டே அழுவதைக் கேட்க வேண்டும் என்று இருந்தேன். பேப்பரில் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

சரி, நான் தப்பு செய்திருந்தால் திட்டிவிடு. உன் திட்டு எனக்குப் புதிதா என்ன? சும்மா இருக்கிறாய் பார், அதைத்தான் தாங்க முடியவில்லை.

உன் தம்பி


ஜூன் 27

தம்பிக்கு,

இரண்டு கடிதங்களையும் வந்த அன்றே படித்தேன். டிசம்பர் விஷயம் படித்து அழவும் அழுதேன். அது உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

கோபம் அம்மாவைப் பற்றியது இல்லை. மே 15, உன் கடைசி வேலை நாள். போகிற ஆள் சுத்தம் செய்துவிட்டுப் போக வேண்டும் என்ற வழக்கப்படி நீ நெட்வொர்க் ஸ்விட்சில் பயன்படாத பாதைகளை அழித்துச் சுத்தம் செய்தாய். அதற்கென்று நம் ஆபீஸில் அச்சடிக்கும் தாளில், டனல் என்கிற அந்தப் பாதை ஒவ்வொன்றுக்கும் எதிரே "அனுப்பியது" என்று ஒரு பத்தி உண்டு. முப்பது நாளாகப் பூஜ்யமாக இருப்பதை அழிக்கலாம் என்பது விதி. பதினாலாவது வரிசையில் பூஜ்யம் இருந்தது. நீ அழித்தாய்.

அது நான் போட்ட டனல். நீ வேலை பார்த்த டனல்கள் எல்லாம் போகவும் வரவும் இருப்பவை. இது வாங்குவதற்கு மட்டும். ஆற்றோரம் தண்ணீர் மட்டத்தை அளக்கும் நிலையங்கள் ஒன்பது இருக்கின்றன. வெயிலில் சார்ஜ் ஆகும் சின்னப் பேட்டரியில் ஓடும் பெட்டிகள் அவை. பதிலுக்குக் காத்திருக்க வைத்தால் பேட்டரி செத்துவிடும். அதனால் அவை சொல்லும், கேட்காது. ஒவ்வொரு நிலையமும் தன் அளவை ஓர் உறைக்குள் வைத்து, அதன்மேல் நம் ஸ்விட்சின் முகவரியைப் போட்டு இன்னோர் உறை மாட்டி அனுப்பும். நம் ஸ்விட்ச் மேலுறையைக் கிழித்து எறிந்துவிட்டு, உள்ளே இருப்பதை வெள்ள அபாயச் சங்கு ஊதும் அறைக்கு விடும். இத்தனைக்கும் ஸ்விட்சில் இருந்தது அந்தப் பதினாலாவது வரி ஒன்றுதான். திரும்ப அது எதையும் அனுப்பாது. போட்ட நாளிலிருந்து அதன் "அனுப்பியது" பூஜ்யம்தான். என்றைக்கும் பூஜ்யம்தான்.

அந்த வரி போனபின்பும் நிலையங்கள் அனுப்பிக்கொண்டே இருந்தன. இந்தப் பக்கம் வாங்க ஆள் இல்லை என்று அவற்றுக்குத் தெரியாது. அங்கே பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. என் திரையோ கடைசியாக வந்த அளவையே காட்டிக்கொண்டிருந்தது. இரண்டு மீட்டர் பத்து.

இத்துடன் ஒரு தாளின் நகல் வைத்திருக்கிறேன். ஸ்விட்ச் தானே எழுதி வைத்த பதிவு. அதில் இரண்டு வரியைப் பார். 11:40, உன் பெயரில், நீக்கம். 2:21, என் பெயரில், திரும்பச் சேர்த்தது. சேர்த்த உடனே திரையில் நாலு அறுபத்தைந்து என்று வந்தது. 2:24க்குச் சங்கு ஊதியது. பம்ப் ஹவுஸுக்குள் அப்போது இடுப்பளவு தண்ணீர்.

விசாரணையில் என்னிடம், "அளவு தடையில்லாமல் வந்துகொண்டிருந்ததா?" என்று கேட்டார்கள். வந்துகொண்டிருந்தது என்று சொன்னேன். யாருக்காகச் சொன்னேன் என்று உனக்கே புரியும்.

அக்கா


ஜூலை 4

அக்கா,

உன் கடிதம் வந்து நாலு நாள் ஆயிற்று. தாளைப் பிரித்துப் பார்ப்பதும் மடிப்பதுமாக இருக்கிறேன். 11:40. அந்த நேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பன்னிரண்டரை ரயிலுக்கு நேரமாகிறது என்று டாக்சிக்காரன் கீழே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன், பதில் சொல். தாள் நான் அடித்ததா? விதி நான் போட்டதா? ஒவ்வொரு டனலுக்கும் எதிரே "விவரம்" என்று ஒரு இடம் இருக்கிறதே, உன்னுடையதில் அங்கே ஓர் எழுத்துகூட இல்லையே. "வாங்குவதற்கு மட்டும், தொடாதே" என்று எழுத எத்தனை நேரம் ஆகும்? ஊரில் உள்ளவர் வேலையிலெல்லாம் புள்ளி விட்டுப்போனால்கூடப் பிடிக்கிற ஹெட்மாஸ்டர் நீ. உன் வரியை மட்டும் மொட்டையாக விட்டு வைத்தாய். அடுத்த நாற்காலியில் இருந்தவளைக் கேட்காமல் அழித்தது என் தப்பு. சொல்லாமல் வைத்தது யார் தப்பு?

கோபத்தில் எழுதுகிறேன். தெரிகிறது.

அக்கா, நீ ஏற்கெனவே சொல்லிவிட்டாய். அதை இனிமேல் கிளற வேண்டுமா? என் வேலை போனால் இந்த நேரத்தில் அவளை வைத்துக்கொண்டு எங்கே போய் நிற்பேன்? நீயும் பொய்ச் சாட்சி சொன்னதாக ஆகிவிடும். விசில் அண்ணன் இனி திரும்பி வரப்போவதில்லை. நாம் இரண்டு பேரும் கெட்டுப் போவதால் அவருக்கு என்ன ஆகப்போகிறது? கொஞ்சம் யோசித்துப் பார்.

தம்பி


ஜூலை 11

தம்பிக்கு,

விவரம் எழுதாதது என் தப்பு. ஒப்புக்கொள்கிறேன். நம் அறையில் எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்தேன். எல்லாருக்கும் என்றால் எனக்கு மட்டும் என்று இப்போது தெரிகிறது.

அவருக்கு என்ன ஆகப்போகிறது என்று கேட்டாய். சொல்கிறேன். நேற்று விசாரணை அறிக்கையின் நகலை எல்லாரிடமும் கையெழுத்துக்கு அனுப்பினார்கள். அதில் இப்படி இருக்கிறது: "அபாயச் சங்கு முறைப்படி ஒலித்தது. பம்ப் இயக்குநர் பணி நேரத்தில் உறங்கிவிட்டதால் அதைக் கவனிக்கவில்லை." ஆதாரம் என்ன தெரியுமா? அவரை ஓய்வறையில் கண்டெடுத்தார்கள். அந்த அறையில் ஒரு கட்டில் இருக்கிறது. அவ்வளவுதான்.

போனும் அந்த அறையில்தான் இருக்கிறது. அதை யாரும் எழுதவில்லை.

இனி சொல்லப்போவதை நான் யாரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடம்கூட. நான் உன் நம்பரைத் தடுத்தது உன்மேல் உள்ள கோபத்தால் மட்டும் என்று நினைத்திருப்பாய். பாதிதான் அது. உன் குரலைக் கேட்டால் இதைச் சொல்லிவிடுவேன் என்று பயந்தேன்.

அன்று 1:35க்கு மேஜை போன் அடித்தது. எடுத்தேன். விசில் இல்லை.

"தங்கச்சி, ஆத்துப் படியில நாலு படி காணோம். காலையில எண்ணினப்போ இருந்துச்சு. உங்க ஸ்கிரீன்ல என்ன காட்டுது?"

"ரெண்டு பத்துதான் அண்ணே. காலையில இருந்து அப்படியேதான் இருக்கு."

"அப்ப நான் மோட்டாரை நிறுத்திட்டு மேல ஏறிடவா, இல்ல இருக்கவா?"

"இருங்கண்ணே. ஏறுச்சுன்னா நானே கூப்பிடறேன்."

"நீ சொன்னா சரி."

அவர் கண்ணால் பார்த்துச் சொன்னார். நான் திரையைப் பார்த்துச் சொன்னேன். அவர் என் பேச்சை நம்பினார். இரண்டு மணி நேரமாக ஒரு சென்டிமீட்டர்கூட அசையாத அளவு எந்த ஆற்றில் இருக்கும் என்று எனக்கு 2:20 வரைக்கும் தோன்றவில்லை. பதினேழு வருஷ வேலைக்காரி நான்.

ஆகவே நீ உன்னையே நொந்துகொள்வதற்கு ஓர் எல்லை உண்டு. நீ ஒரு வரியை அழித்தாய். இருங்கள் என்று சொன்னது என் வாய். பிறகு உன்னைக் காப்பாற்றுவதாக எனக்கே சொல்லிக்கொண்டு என்னையும் சேர்த்துக் காப்பாற்றிக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது. இப்போது அந்தச் சோற்றை அவர் மனைவி சாப்பிட வேண்டியிருக்கிறது. போன வாரம் ஆபீசுக்கு வந்திருந்தாள். அவருடைய குடையும் செருப்பும் வாங்கிப் போக வந்தவள், வரவேற்பறையில் இருந்த பெண்ணிடம், "அவரு பகல்ல தூங்க மாட்டாரும்மா" என்று மூன்று முறை சொன்னாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

கடைசி அமர்வு 24ஆம் தேதி. அறிக்கையில் நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

அக்கா


ஜூலை 16

அன்புள்ள அக்கா,

"நாம் கெட்டுப் போவதால் அவருக்கு என்ன ஆகப்போகிறது" என்று எழுதினேனே, அந்த வரியைக் கிழித்துப் போட்டுவிடு. எழுதிய கையை வெட்டிக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

உன் கடிதத்தை வீட்டில் அவளிடம் கொடுத்தேன். முதலில் நான் எழுதியதையும் சொன்னேன். படித்து முடித்துக் கடிதத்தை என் கையில் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, "அவங்க சொன்ன முதல் பொய் உங்களுக்காக. இப்ப ரெண்டாவதா ஒண்ணு கேட்டிருக்கீங்க. அந்த அம்மா மூணு தடவை சொல்லியும் யாரும் கேட்கலையே" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எழுந்து போய்த் துணி மடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அன்று இரவு பதிவுத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 11:40க்கு நான் என்ன செய்தேன் என்று திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். நீ பக்கத்து நாற்காலியில் இருந்தாய். என் பக்கம் திரும்பி, "சாம்பார் சிந்திடும், பாக்ஸை நேரா வைடா" என்று சொன்னாய். ஒரு வார்த்தை, "அக்கா, பதினாலு என்னது?" என்று கேட்டிருந்தால் போதும். பொறுமை இல்லை. ரயில் காத்திருக்காது என்று நினைத்தேன்.

இந்த உறைக்குள் இன்னோர் உறை வைத்திருக்கிறேன். அதன்மேல் விசாரணை அதிகாரியின் பெயர் இருக்கிறது. ஒட்டிவிட்டேன். நேராகவே அனுப்பியிருக்கலாம். ஆனால் போன முறை உன்னைக் கேட்காமல் ஒன்றைச் செய்துவிட்டேன். இனி அப்படிச் செய்ய மாட்டேன். அதனால் உன் வழியாக அனுப்புகிறேன். மேலுறையைக் கிழித்துவிட்டாய். உள்ளே இருப்பதைச் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்ப்பதும், அடுப்பில் போடுவதும் உன் விருப்பம். எதைச் செய்தாலும் நான் ஏன் என்று கேட்க மாட்டேன். பதில்கூட வேண்டாம்.

உன் தம்பி


ஜூலை 26

அன்புள்ள தம்பி,

உறையைத் திறக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்தேன். அம்மா, "என்னடி அது, பொண்ணு பார்க்கப் போற மாதிரி உலாத்தற" என்றாள். அவளிடம் எல்லாம் சொன்னேன். அம்மா போய் வாசல் விளக்கைப் போட்டாள். பகல் மூன்று மணிக்கு. பிறகு அவளே வந்து, "கொண்டு போய்க் குடு" என்றாள்.

24ஆம் தேதி உன் உறை, பதிவுத் தாள், நான் எழுதிய வாக்குமூலம் மூன்றையும் மேஜைமேல் வைத்தேன். அதிகாரி உன்னுடையதைத்தான் முதலில் வாசித்தார். அப்போதுதான் நீ என்ன எழுதியிருக்கிறாய் என்று எனக்கும் தெரிந்தது. அழித்தது நீ. அவசரப்பட்டது நீ. விவரம் இல்லாததைப் பார்த்தும் கேட்காதது நீ. அக்கா தெரிந்த உடனே சரிசெய்தாள், அக்காவுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. 1:35 போனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நான் உனக்குச் செய்ததையே நீ எனக்குச் செய்திருந்தாய். படுபாவி. வாசித்து முடித்ததும் அதிகாரி, "அப்ப உங்க மேல தப்பில்லைன்னு உங்க தம்பி சொல்றாரு" என்றார். நான் எழுந்தேன். என் தம்பி சொல்லாமல் விட்டதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, போனில் பேசியதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். இருங்கண்ணே என்று சொன்னதையும்தான். சொல்லும்போது குரல் உடையவில்லை. எனக்கே ஆச்சரியம்.

விசில் அண்ணனின் மனைவி பின்வரிசையில் இருந்தாள். திட்டுவாள், மண்ணை வாரி எறிவாள் என்று நினைத்துக்கொண்டுதான் போயிருந்தேன். அதற்குத் தயாராகவும் இருந்தேன். அவள் எழுந்து நின்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்ப அவரு முழிச்சுட்டுத்தான் இருந்தாரா?"

"ஆமா."

"படிய எண்ணினாரா?"

"எண்ணினார். நாலு படி காணோம்னு சொன்னார்."

"வீட்லயும் எண்ணுவாரு. ஏறும்போதும் எண்ணுவாரு, இறங்கும்போதும் எண்ணுவாரு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். வெளியே வந்தபோது எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள். மன்னித்தாள் என்று நான் சொல்லமாட்டேன்.

அறிக்கையில் உறங்கினார் என்ற வரியை அடித்துவிட்டார்கள். "நீர் உயர்வதைக் கண்டு நேரத்தோடு தெரிவித்தார், தவறான தகவலின் பேரில் பணியிடத்தில் இருந்தார்" என்று மாற்றி எழுதினார்கள். அதற்கு நான் கையெழுத்துப் போட்டேன்.

உனக்கு இரண்டு வருஷம் ஸ்விட்சில் கை வைக்கக் கூடாது என்று உத்தரவு வரும். வேலை இருக்கும். என்னைச் சங்கு அறையிலிருந்து எடுத்துக் கேபிள் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். பொய்ச் சாட்சிக்குத் தனியாக விசாரணை உண்டு. வரட்டும். போகிற ஆள் சுத்தம் செய்துவிட்டுப் போக வேண்டுமே, அதனால் கிளம்பும் முன் பதினாலாவது வரிசையின் விவரத்தில் எழுதினேன்: "ஒன்பது நிலையங்களிலிருந்து வாங்கும், அனுப்பாது. அழிக்கும் முன் கேள்." அந்தத் தாளிலும் இப்போது "வந்தது" என்று இன்னொரு பத்தி சேர்த்திருக்கிறார்கள்.

உன் நம்பரின் தடையை நேற்று நீக்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் போன் செய். அவளையும் பக்கத்தில் வைத்துக்கொள். போன் மணி அடித்தாலே எனக்கு இப்போதெல்லாம் பயம், வாயைத் திறந்து என்ன சொல்லிவிடுவேனோ என்று. அதனால் பேசுவேனா என்று தெரியவில்லை. ஆனால் எடுப்பேன். சத்தம் இல்லை என்று வைத்துவிடாதே. நீ பேசிக்கொண்டே இரு, நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அக்கா